குழல் செய்த குற்றம் என்ன?

"சாக்ஸபோன் வந்தது, நாகஸ்வரம் போயிற்று." இப்படியொரு தீர்ப்பு நம் நாட்டில் பல்லாண்டுகளாக உலவி வருகிறது. சங்கீத சபைகளின் வாயிலில் நிற்பவர்களும் சொல்கிறார்கள்; திருமண மண்டபத்துப் பந்தியில் அமர்ந்திருப்பவர்களும் சொல்கிறார்கள். நாம் வாழும் தாயில்பட்டியிலும், சுற்றிலுமுள்ள வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளிலும், கரிசல் மண்ணின் நாகஸ்வரப் பெருமையை இன்னும் மறவாத பெரியவர்கள் இதைப் பெருமூச்சோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். குற்றவாளி யார் என்று கேட்டால் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லுவார்கள்: கத்ரி கோபால்நாத்.

இதற்கு நேர் எதிரே வேறொரு கூட்டம் நிற்கிறது. அவர்களுக்குக் கத்ரி ஒரு மாயக்காரர். ஜாஸ் இசையின் வாத்தியத்தை எடுத்தார், கர்நாடக இசையோடு கலந்தார், உடனே ஒரு புதுமை பிறந்தது என்று அவர்கள் மேடைதோறும் வியந்து பேசுவார்கள்.

நம் கருத்தில் இவ்விரு கூட்டத்தாரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். முன்னவர் கருவியைக் கொலைகாரனாக்குகிறார்கள்; பின்னவர் அதே கருவியைக் கதாநாயகனாக்குகிறார்கள். கருவியைக் கையிலேந்திய மனிதனையும், அம்மனிதனை உருவாக்கிய ஆசானையும், அவ்விருவருக்கும் கூலி தர வேண்டிய நம்மையும் இரு சாராரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அந்த மறதியை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தொடங்குமுன் ஒரு சொல். இசை கேட்பது ஆகுமா, ஆகாதா என்பதில் நம் மார்க்க அறிஞர்களிடையே நூற்றாண்டுகளாகக் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் அதற்கென்றே ஒரு தனிப் பகுதி ஒதுக்கி ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்குள் நாம் இங்கே நுழையவில்லை. ஆனால், உழைத்து வாழ்ந்து மறைந்த ஒருவர்மீது ஆதாரமின்றிப் பழி சுமத்துவது ஆகாது என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை. எனவே பழியை ஆதாரத்தோடு எடைபோடுவோம்.

கத்ரி கோபால்நாத் யார்? 1949-இல், இன்றைய கர்நாடக மாநிலத்தின் தென்கன்னட மாவட்டத்தில், பண்ட்வால் வட்டத்துச் சஜிபமூட என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை தனியப்பா ஒரு நாகஸ்வர வித்துவான். மகன் முதலில் கற்றதும் தந்தையிடம் நாகஸ்வரமே. இந்த ஒரு செய்தியே பழிசொல்வோரின் வழக்கில் பாதியை உடைத்துவிடுகிறது. நாகஸ்வரத்தின் பகைவன் என்று நீங்கள் சுட்டுகிறவர் நாகஸ்வர வீட்டின் பிள்ளை.

இளமையில் மைசூர் அரண்மனைப் பேண்டு வாத்தியக் குழுவில் சாக்ஸபோன் ஒலிப்பதைக் கேட்டு அதன்பால் மனம் பறிகொடுத்தார். அதன் பின் நடந்ததைத்தான் வியப்போர் கூட்டம் சொல்ல மறக்கிறது. மங்களூர்க் கலாநிகேதனத்தில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் சென்னையில் மிருதங்க வித்துவானும் பாடகருமான டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். அக்கருவியைக் கர்நாடக இசைக்கு வசப்படுத்த ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன என்பர். 1978-இல் மங்களூர் வானொலியில் அவருடைய வாசிப்பு ஒலித்தது. 1980-இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அவருடைய இசையைக் கேட்டு, உடன் சேர்ந்து வாசிக்க விரும்பினார். அதிலிருந்து உலக மேடைகள் திறந்தன. 1994-இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி.யின் பிராம்ஸ் விழாவில் வாசித்தார். அவ்விழாவுக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவரே. அதே ஆண்டில் கே. பாலசந்தரின் 'டூயட்' திரைப்படத்தில் ஏ.ஆர். ரகுமானின் இசையமைப்பில் அவர் ஊதிய குழல் தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் கேட்டது. 2004-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2019 அக்டோபர் 11-ஆம் நாள் மங்களூரில் மறைந்தார்.

இனி, பழியின் முதற்கிளையை எடுத்துக்கொள்வோம். "அது அந்நியக் கருவி, நம் இசைக்கு ஒவ்வாதது" என்பர். அந்நியம் யாருக்கு? பெல்ஜியத்தில் பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பவர் 1846-இல் பாரிசில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பித்தளை உடலும் ஒற்றை நாணல் தக்கையும் கொண்ட அக்குழல் முதன்முதல் புகுந்த இடம் பிரெஞ்சு இராணுவத்தின் இசைக்குழு. ஜாஸ் என்னும் இசையோ, கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியார் அமெரிக்காவில் படைத்தது. ஐரோப்பியப் படைவீரனின் குழலை அவர்கள் எடுத்து, கோல்மன் ஹாக்கின்ஸ், சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன் போன்ற மேதைகளின் மூச்சால் தங்கள் துயரத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய குரலாக்கிக்கொண்டார்கள். எனவே ஜாஸுக்கும் அது வந்தேறிக் கருவிதான். ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் அதைத் தமதாக்கிக்கொள்ள உரிமை உண்டென்றால், நாகஸ்வரக்காரர் மகன் ஒருவர் தமதாக்கிக்கொள்ள உரிமை இல்லாமற் போனது எப்படி?

அவ்வளவு தொலைவு போக வேண்டாம். நம் கரிசல் சீமையிலேயே சான்று உண்டு. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத எட்டயபுரத்து அரண்மனையில் ஆஸ்தான வித்துவானாக இருந்தவர் பாலுசுவாமி தீட்சிதர்; முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி அவர். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? கத்ரியோடு பல்லாண்டுகள் சேர்ந்து வாசித்த அ. கன்யாகுமரி அம்மையார் வயலின் கலைஞரே. 2016-இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. வயலினை மட்டும் வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டுச் சாக்ஸபோனை வாசலில் நிறுத்துவது என்ன நீதி? திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கர்நாடக இசையை நிலைநாட்டினாரே, அதுவும் கடல் கடந்து வந்ததுதானே?

கருவிகளின்மீது தீர்ப்புச் சொல்லித் தோற்றவர்களின் வரலாறும் உண்டு. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. நம் இசையின் நுண்சுரங்களுக்கு அது பொருந்தாது என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். 1971-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் இசை காப்பாற்றப்பட்டதோ இல்லையோ, பல கலைஞர்களின் பிழைப்பு கெட்டது.

"நாகஸ்வரம் மாறாத தூய்மை உடையது" என்பாரும் உண்டு. அவர்கள் நாகஸ்வரத்தின் வரலாற்றை அறியாதவர்கள். பழைய திமிரி நாகஸ்வரம் குட்டையானது. உச்ச சுருதியில் பேசுவது. நீண்ட குழலும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாகஸ்வரம் பரவியது 20-ஆம் நூற்றாண்டில், திருவாவடுதுறை டி.என். இராசரத்தினம் பிள்ளையின் வேட்கையாலும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனாலும். அந்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. நேற்று செய்த மாற்றம் இன்று மரபாகிவிட்டது. மரத்தை நீட்டி மாற்றலாம், பித்தளையின் விசையை மாற்றக் கூடாது என்பது எந்த நூலின் விதி?

இனி, வியப்போர் கூட்டத்தைக் கவனிப்போம். கத்ரி ஜாஸையும் கர்நாடகத்தையும் கலந்ததால் புகழ் பெற்றார் என்பது அவர்கள் கூற்று. உண்மை அதன் மறுபுறம் இருக்கிறது. ஜாஸ் கலைஞர்கள் அவரை நாடி வந்ததற்குக் காரணம் அவர் ஜாஸ் வாசித்தது அன்று. தாம் கற்ற இசையைக் கலப்பின்றி வாசித்ததே. நாகஸ்வரத்தில் துளையை விரலால் பாதி மூடியும், சீவாளியை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும் கமகத்தை இழைக்கலாம். சாக்ஸபோனிலோ துளைகளின்மேல் மூடி இருக்கிறது. விசையை அழுத்தினால் மூடும், விட்டால் திறக்கும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அக்கருவி எளிதில் இடங்கொடாது. அந்த வழுக்கலையும் அசைவையும் உதட்டாலும் தாடையாலும் மூச்சாலும் வருவிக்க வேண்டும். கத்ரி விசைகளிலும் சில மாற்றங்கள் செய்துகொண்டார். ஆனால், எந்த இடத்தில் எவ்வளவு அசைய வேண்டும் என்பதை எந்த விசையும் சொல்லித் தராது. அதை ஆசானின் வாய் சொல்ல வேண்டும். சீடனின் செவி ஏற்க வேண்டும்.

அரபு மதரஸாக்களில் ஓதிய எவருக்கும் இது புதிய செய்தியன்று. நாம் திருக்குர்ஆன் ஓதுதலை இசையோடு சேர்த்துப் பேசவில்லை. அதன் மேன்மை வேறு. கற்கும் முறையை மட்டும் ஒப்பிடுகிறோம். எழுத்துகளைக் கண்ணால் பார்த்து எவரும் தஜ்வீத் கற்றுவிட முடியாது. உஸ்தாதின் முன் மண்டியிட்டு, அவர் வாயசைவைக் கண்டு, அவர் திருத்தத் திருத்த ஓதியே நா பழக வேண்டும். அந்த உஸ்தாதுக்கு ஓர் உஸ்தாது. அவருக்கும் ஓர் உஸ்தாது. இந்தச் சங்கிலிக்கு ஸனது என்று பெயர். ஸனது இல்லாதவனின் கல்விக்குச் சபையில் எடையில்லை. இஜாஸா பெறாதவன் பிறருக்குப் போதிக்க முன்வருவதில்லை. கத்ரியின் பெருமை அவர் கையிலிருந்த பித்தளையில் இல்லை. அவருடைய ஸனதில் இருக்கிறது. கோபாலகிருஷ்ண ஐயரும் டி.வி. கோபாலகிருஷ்ணனும் அவருக்குக் கொடுத்தது குழலை ஊதும் வித்தையை அன்று, இசையை. மிருதங்கமும் பாட்டும் அறிந்த ஒருவர் சாக்ஸபோன் சீடனை வளர்த்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஆசான்களின் பெயர் எத்தனை பாராட்டுரைகளில் வருகிறது?

சீடராக இருந்தவர் ஆசானும் ஆனார். அமெரிக்காவில் வளர்ந்த பிரசாந்த் ராதாகிருஷ்ணன் அவரிடம் பயின்று, இன்று கர்நாடக இசையையும் ஜாஸையும் சாக்ஸபோனில் வாசிக்கிறார். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா கத்ரியோடு சேர்ந்து 2008-இல் 'கின்ஸ்மென்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். உறவினர் என்பது அதன் பொருள். அவர் 2016 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கல்விக்குப் பொறுப்பேற்றார். ஒரு சிற்றூர் நாகஸ்வர வீட்டில் தொடங்கிய சங்கிலி எதுவரை நீண்டிருக்கிறது என்பதற்கு இது அளவுகோல்.

மேலைநாட்டிலும் இதே உண்மையைக் காணலாம். 1920-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிறந்து, டெட்ராய்ட் நகரில் வளர்ந்த ஒரு கருப்பின சாக்ஸபோன் கலைஞர், அஹ்மதிய்யா இயக்கத்தின் வழியே யூசுஃப் லத்தீஃப் என்னும் பெயரை ஏற்றார். அவ்வியக்கத்தின் கொள்கை பற்றிய நம் நிலை வேறு. அது இங்கே பேச்சில்லை. அவர் கத்ரி செய்ததன் மறுபக்கத்தைச் செய்தார். கத்ரி மேலைக் குழலைக் கீழை இசைக்குள் அழைத்து வந்தார். லத்தீஃப் நம் ஷெனாயையும் அரபு நாட்டு அர்கூல் குழலையும் ஜாஸுக்குள் அழைத்துச் சென்றார். ஜாஸ் என்னும் பெயரையே தம் இசைக்கு ஏற்க மறுத்தார். புகழ் வந்த பின்னும் மாணவராகிக் கல்வியியலில் 1975-இல் முனைவர் பட்டம் பெற்றார், நைஜீரியாவில் சில ஆண்டுகள் ஆய்வு செய்தார், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார், 2013-இல் மறைந்தார். அங்கே சாக்ஸபோன் கலைஞன் பல்கலைக்கழகப் பேராசிரியனாகிறான். இங்கே வாசிப்பவனை மேடையில் ஏற்றி ஒருநாள் சால்வை போர்த்துகிறோம். மறுநாள் அவனைக் குற்றக் கூண்டில் நிறுத்துகிறோம்.

இப்போது எதிர்வாதத்தின் வலிமையான பகுதிக்கு வருவோம். மங்களூர், உடுப்பிக் கடற்கரைப் பகுதியில் திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் நாகஸ்வரம் இருந்த இடத்தில் சாக்ஸபோன் பெரிதும் அமர்ந்துவிட்டது உண்மை. நாம் அதை மறைக்கவில்லை. ஆனால் ஏன் அமர்ந்தது என்று கேட்க வேண்டாமா? நாகஸ்வரக்காரனை நாம் எங்கே வைத்திருந்தோம்? மங்கல வாத்தியம் என்று வாயால் போற்றினோம். ஆனால் ஊர்வலத்தின் முன்னே வெயிலில் நடக்க விட்டோம். பந்தியில் கடைசியில் இலை போட்டோம். மேலாடை அணியவும் அமர்ந்து வாசிக்கவும் இராசரத்தினம் பிள்ளை போன்ற ஒரு சக்கரவர்த்தி போராட வேண்டியிருந்தது. அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கப்படவே இல்லை. அந்த இழிவைக் கண்ட வீட்டுப் பிள்ளை, நாற்காலி தரும் ஒரு கருவியை நாடினால் குற்றம் பிள்ளையினுடையதா, நாற்காலி மறுத்தவர்களுடையதா?

சாக்ஸபோன் பரவாத நம் வட்டாரத்தைப் பாருங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை இந்தக் கரிசல் மக்கள் கொண்டாடினார்கள். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவர் வாசித்ததைக் கேட்டு நாடே மயங்கியது. அந்தச் சீமையில் இன்று நாகஸ்வரம் தளர்ந்திருக்கிறதே, இங்கே எந்தச் சாக்ஸபோன் வந்து கொன்றது? திருமண வீட்டாரின் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு ஒரு தொகை. கேரளத்துச் செண்டை மேளத்துக்கு ஒரு தொகை. வாண வேடிக்கைக்கு ஒரு தொகை. வெடி நம் ஊர் மக்களின் சோறு; தாயில்பட்டியில் வாழ்ந்துகொண்டு அதை நாம் குறைசொல்லோம். ஆனால் வெடிக்குப் பேரம் பேசாத வாய், நாகஸ்வரக்காரரிடம் மட்டும் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறது. சில வீடுகளில் ஆளே வேண்டாம். கைப்பேசியிலிருந்து மங்கல இசையை ஒலிக்க விட்டுத் தாலி கட்டிவிடுகிறார்கள். இத்தனையும் செய்துவிட்டு, மங்களூர்க்காரர் ஒருவர் நாகஸ்வரத்தைக் கொன்றார் என்று பேசுவது, தன் கையால் விளக்கை அணைத்துவிட்டுக் காற்றைத் திட்டுவது போன்றது.

ஒரு கலையைக் காப்பது எப்படி என்பதற்கும் நம்மிடையே முன்மாதிரி உண்டு. ஆந்திர நாட்டுக் கரவதி என்னும் ஊரில் 1924-இல் ஒரு முஸ்லிம் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா. இராசரத்தினம் பிள்ளையின் பாணியில் கொண்ட ஈடுபாட்டால் தமிழகம் வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். நாகஸ்வரம் அழிகிறதே என்று அவர் எந்தக் கருவியையும் ஏசவில்லை. 1982-இல் ஒரு நாகஸ்வரப் பள்ளியை நிறுவி மாணவர்களை உட்கார வைத்தார். 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1999-இல் மறைந்தார். அவருடைய பேரர்கள் காசிமும் பாபுவும் அக்குழலைத் தொடர்ந்து ஏந்தினார்கள். பிறப்பால் அவர் வேறு மாநிலத்தார், வேறு மொழியார், வேறு மார்க்கத்தார். நாகஸ்வரம் அவரை அந்நியர் என்று தள்ளவில்லை. அவ்வாறே சாக்ஸபோனும் கத்ரியைத் தள்ளவில்லை. உழைப்பவன் மூச்சுக்கு இணங்குவது கருவியின் இயல்பு. தள்ளுவதெல்லாம் மனிதர்கள்தாம்.

ஆகவே, நாகஸ்வரத்துக்காகக் கண்ணீர் விடும் அன்பர்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வீட்டில் அடுத்து வரும் திருமணத்துக்கு நாகஸ்வரமும் தவிலும் அழைப்பீர்களா? கேட்ட கூலியைக் குறையாமல் கொடுப்பீர்களா? வாசிப்பவருக்கு நிழலும் நாற்காலியும் முதற்பந்தியில் இலையும் தருவீர்களா? திரைப்பாட்டு வாசிக்கச் சொல்லி நச்சரிக்காமல், அவர் கற்ற இராகத்தை அரைமணி நேரம் வாசிக்க விடுவீர்களா? தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் மூன்றாண்டுப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. உங்கள் தெருவில் இசையார்வமுள்ள ஒரு பிள்ளை இருந்தால், பட்டாசுக் கட்டுக்கு அனுப்புமுன் அங்கே சேர்த்துவிடுவீர்களா? அந்தப் பிள்ளை நாளை நாகஸ்வரத்தை எடுத்தாலும் சரி, சாக்ஸபோனை எடுத்தாலும் சரி, முதலில் அவனுக்கு ஓர் ஆசான் வேண்டும்; அந்த ஆசானுக்கு மாதந்தோறும் அடுப்பெரிய வேண்டும்.

இவற்றில் ஒன்றைச் செய்தவர் பிறகு வந்து சாக்ஸபோனின்மீது வழக்குத் தொடுக்கட்டும், நாம் செவிசாய்ப்போம். எதுவும் செய்யாதவருக்கு, மறைந்துபோன ஓர் உழைப்பாளியின்மீது தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை.